கீமோன்னா வாந்திதானா? ஒரு பக்கெட்டின் வரலாறு

1/
"டாக்டர், ஆபரேஷன் பண்ணிக்கிறேன். கரண்ட் வைக்கணும்னாலும் வச்சுக்கிறேன். கீமோ மட்டும் வேணாம்."

சர்க்கரை நோய்க்காகப் பல வருஷமா என்கிட்ட வந்துக்கிட்டிருந்த அக்கா அவங்க. வயசு 46. இடது மார்பில் கட்டி, அக்குளில் நெறிகட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கட்டாயம்னு புற்றுநோய் மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஏங்க்கா இப்படின்னு கேட்டேன்.

2/
"எங்கம்மாவுக்கும் இதே நோய்தான். 1986. அந்தச் சிவப்பு மருந்து ஏத்திட்டு பஸ்ஸுல கூட்டிட்டு வருவோம். ஊர் வர்றதுக்குள்ள மூணு தடவை பஸ்ஸை நிப்பாட்டணும். அப்புறம் நாலு நாளைக்குத் திண்ணையில பக்கெட்டும் கையுமா உக்காந்திருப்பாங்க. மூணாவது ஊசிக்குக் கூப்பிட்டப்போ, செத்தாலும் இங்கேயே சாகுறேன், அங்க வரமாட்டேன்னுட்டாங்க. ஒன்றரை வருஷத்துல போயிட்டாங்க.

எனக்கு அப்போ பதிமூணு வயசு. பக்கெட்டைக் கழுவினது நான்தான் டாக்டர்."

3/
"அதெல்லாம் அந்தக் காலம்க்கா" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்த பயத்துக்கு ஒரு வரி பதில் போதாது.

1986க்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது, யார் மாற்றினார்கள், எது இன்னும் மாறவில்லை? அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

4/
கதை போர்க்களத்தில் தொடங்குகிறது.

முதல் உலகப்போரில், 1917ல், ஜெர்மன் படைகள் மஸ்டர்ட் வாயுவை வீசின. தோலைக் கொப்புளமாக்கும் நச்சு. அதில் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போனதை 1919லேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அப்போது யாருக்கும் அதன் அர்த்தம் முழுசாகப் புரியவில்லை.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மன், குட்மன் என்ற இரண்டு மருந்தியல் நிபுணர்கள் அதன் உறவுக்கார ரசாயனமான நைட்ரஜன் மஸ்டர்டை ஆராய்ந்தார்கள். வெள்ளை அணுவை அழிக்கிற பொருள், வெள்ளை அணுவில் வருகிற புற்றையும் அழிக்குமா? கேள்வி அவ்வளவுதான்.

5/
1942 ஆகஸ்டில், நிணநீர்ப் புற்று முற்றிய ஒரு நோயாளிக்கு முதன்முதலாக அதை ஏற்றினார்கள். போர் ரகசியம் என்பதால் நோயாளியின் குறிப்பேட்டில் மருந்தின் பெயர்கூட இல்லை, 'எக்ஸ்' என்று மட்டும் எழுதினார்கள். கட்டிகள் கரைந்தன. பிறகு திரும்பி வந்தன. சில மாதத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் ஊசியில் ஏற்றும் ரசாயனத்தால் புற்றுக்கட்டியைச் சுருக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

1943 டிசம்பரில் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் மஸ்டர்ட் குண்டு ஏற்றிய கப்பல் வெடித்த பிறகுதான் கீமோ பிறந்தது என்று பல இடங்களில் எழுதுவார்கள். வரிசை தவறு. யேல் நோயாளி அதற்கும் முந்தையவர்.

இந்த நைட்ரஜன் மஸ்டர்டின் வாரிசுதான் 1950களில் ஜெர்மனியில் உருவான சைக்ளோபாஸ்பமைடு. இன்றும் மார்பகப் புற்றுக்கு நாம் தருகிற அதே மருந்து. கீமோவைப் 'விஷம்' என்று நோயாளிகள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. வம்சாவளி அப்படித்தான்.

6/
அடுத்த மருந்தில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. 1923ல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் போலி ஃபோலேட்டுகளையும் தயாரித்தது.

அதில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்ஸேட். 1957ல் ஹைடல்பெர்கர் குழு 5-ஃப்ளூரோயுரசில் என்ற மருந்தை அறிமுகப்படுத்தியது. ஆக மூன்று மருந்தும் கைக்கு வந்தாச்சு.

7/
இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். கீமோ ஏன் இவ்வளவு படுத்துகிறது?

பழைய கீமோ மருந்துகளுக்குப் புற்றுசெல்லை அடையாளம் காணத் தெரியாது. வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல் எதுவோ அதை அடிக்கும். நம்ம உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்கள் மூன்று இடத்தில் அதிகம்.

முடியின் வேர். அதனால் முடி கொட்டுகிறது.
வாய், குடலின் உட்சுவர். அதனால் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு.
எலும்பு மஜ்ஜை. அதனால் வெள்ளை அணு குறைந்து தொற்று வருகிறது.

வாந்தி மட்டும் வேறு கணக்கு. அது செல் சாவதால் மட்டும் வருவதில்லை. "விஷம் உள்ளே வந்துவிட்டது, வெளியே தள்ளு" என்று உடம்பு அடிக்கும் அபாயச் சங்கு அது. கெட்டுப்போன மீனைச் சாப்பிட்டால் காப்பாற்றுகிற அதே ஏற்பாடுதான், இங்கே வைத்தியத்தை எதிர்த்து நிற்கிறது.

8/
1970களுக்கு வருவோம்.

அதுவரை மார்பகப் புற்று என்றால் அறுவை, கதிர்வீச்சு. கட்டியை முழுசா எடுத்த பிறகும், அக்குள் நெறிகளில் நோய் இருந்த பெண்களில் நிறைய பேருக்கு அது திரும்ப வந்தது. கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஏற்கெனவே உடம்பில் எங்கோ விழுந்திருக்கலாம், அவற்றை ரத்தத்தில் போகும் மருந்தால்தான் பிடிக்க முடியும் என்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் வாதாடினார்.

இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா அந்த மூன்று மருந்துகளையும் சேர்த்தார். சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்ஸேட், ஃப்ளூரோயுரசில். சுருக்கமாக சி.எம்.எஃப். மொத்தம் 12 சுற்று.

1976ல் முடிவு வந்தது. 27 மாத ஆய்வுக்காலத்தில், அறுவை மட்டும் செய்த 179 பெண்களில் 24 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. சி.எம்.எஃப். எடுத்த 207 பேரில் 5.3 சதவீதம்.

மார்பகப் புற்றுநோய் வைத்தியமே அன்றோடு மாறியது.

9/
ஆனால் ஒரு சிக்கல். எல்லாரும் முழுசாக எடுக்கவில்லை. ரத்த அணு குறைந்தது, வாந்தி தாங்கவில்லை, வயதாகிவிட்டது என்று பலருக்கு டோஸைக் குறைத்தார்கள்.

1981ல் பொனடோனாவும் வலகுஸ்ஸாவும் திரும்பக் கணக்குப் போட்டார்கள். திட்டமிட்ட டோஸில் 85 சதவீதமாவது எடுத்த பெண்களில், 5 வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 77 சதவீதம். 65 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களில் 48 சதவீதம். கீமோவே எடுக்காதவர்களில் 45.

அதாவது, அரைகுறையாக எடுத்தால் அவஸ்தை மட்டும் மிச்சம். பலன் கிட்டத்தட்ட எடுக்காத மாதிரிதான்.

பின்னோக்கிப் பார்த்த கணக்கு என்பதால் இதற்கு விமர்சனங்களும் வந்தன. நியாயமான விமர்சனங்கள்தான். ஆனால் 1994ல், டோஸ் வாரியாகக் குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்துச் செய்த அமெரிக்க ஆய்வும் குறைந்த டோஸ் எடுத்த குழு பின்தங்கியதைக் காட்டியது.

10/
இந்த இழையில் ஒரே ஒரு பதிவை மட்டும் ஞாபகம் வச்சுக்கிறதா இருந்தா, மேலே உள்ளதை வச்சுக்கோங்க.

பக்கவிளைவைச் சமாளிப்பது நோயாளிக்குச் செய்கிற சலுகை அல்ல. சொகுசும் அல்ல. அது சிகிச்சையின் பாதி. வாந்தி நிற்கவில்லை என்றால் நோயாளி வர மாட்டார். வரவில்லை என்றால் உலகத்தின் மிகச்சிறந்த கீமோவும் பாட்டிலுக்குள்ளேயே இருக்கும்.

அந்த அக்காவின் அம்மாவுக்கு நடந்தது அதுதான். அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைத்திருந்தால் தப்பு. நம்மிடம் மருந்து இல்லை.

11/
இப்போது அந்தச் 'சிவப்பு மருந்து'.

இத்தாலியின் தெற்கே காஸ்தெல் தெல் மோந்தே என்று ஒரு பழைய கோட்டை. 1950களில் அந்தப் பக்கத்து மண்ணை அள்ளிப்போய் ஃபார்மிதாலியா நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, பளிச்சென்ற சிவப்பு நிறம் சுரக்கிற ஒரு நுண்ணுயிரி கிடைத்தது. அதிலிருந்து டானோரூபிசின். அந்த நுண்ணுயிரியில் மாற்றம் செய்து டாக்ஸோரூபிசின். ஏட்ரியாடிக் கடலின் பெயரால் அட்ரியமைசின்.

புற்றுக்கு எதிராகச் சரியான போர்க்குதிரை. கூடவே இதயத் தசையைப் பலவீனமாக்கும் குணமும் உண்டு. அதனால்தான் இதைத் தொடங்கும் முன் எக்கோ எடுக்கச் சொல்கிறோம், வாழ்நாள் டோஸுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறோம். சிறுநீர் ஒன்றிரண்டு நாள் சிவப்பாகப் போகும். அது ரத்தமில்லை, மருந்தின் நிறம். பயப்பட வேண்டாம்.

சைக்ளோபாஸ்பமைடோடு இதைச் சேர்த்தால் ஏ.சி. 1990ல் வந்த ஆய்வில் 4 சுற்று ஏ.சி., 6 மாத சி.எம்.எஃபுக்குச் சமம் என்று தெரிந்தது. சீக்கிரம் முடியும். ஆனால் வாந்தியைத் தூண்டுவதில் இந்த ஜோடி முதல் வரிசையில் நிற்கிறது.

12/
அந்த வாந்திக்கு அப்போது என்னதான் கொடுத்தார்கள்?

மனநோய் மருந்து வகையைச் சேர்ந்த புரோகுளோர்பெரசின். தூங்க வைக்கும் மருந்துகள். கஞ்சாவின் வேதிப்பொருளைக்கூட மாத்திரையாக்கினார்கள். 1975ல் ஆய்வு வந்தது, 1985ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. எதுவும் போதவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இரண்டு மூன்று தடவை வாந்தியில் அடிபட்ட உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை ஊசி போடும் முன்பே, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே, ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறினாலே வாந்தி வரும். மணி அடித்ததும் பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய மாதிரி. இதற்கு 'முன்கூட்டிய வாந்தி' என்றே பெயர்.

அந்த அம்மா ஆஸ்பத்திரி இருக்கிற திசைக்கே வரமாட்டேன் என்றது பிடிவாதம் அல்ல.

13/
1981ல் முதல் வெளிச்சம். நியூயார்க்கில் ரிச்சர்ட் கிரல்லா குழுவினர் மெட்டோகுளோப்ரமைடு மருந்தை வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு கொடுத்துப் பார்த்தார்கள். நம்ம ஊரில் சாதாரண வாந்திக்கு 10 மி.கி. போடுகிற அதே மருந்து. அவர்கள் கொடுத்தது ஒவ்வொரு வேளைக்கும் கிலோவுக்கு 2 மி.கி. சிஸ்பிளாட்டின் என்ற கொடூர வாந்தி மருந்துக்கே அது கேட்டது.

விலை? சிலருக்குக் கழுத்து இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். குறிப்பாக இளவயதினருக்கு.

1983ல் சிட்னியில் ஆலன் கோட்ஸ் குழுவினர் ஒரு எளிய வேலை செய்தார்கள். பக்கவிளைவுகளை அட்டைகளில் எழுதி, கீமோ எடுக்கும் நோயாளிகள் கையிலேயே கொடுத்து, எது மோசம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதலிடம் வாந்தி. இரண்டாவது குமட்டல். மூன்றாவது முடி கொட்டுதல்.

அதுவரை இதை டாக்டர்கள்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியைக் கேட்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

14/
இப்போது ஒரு புதிர். மெட்டோகுளோப்ரமைடு டோபமைனைத் தடுத்துத்தான் வாந்தியை நிறுத்துகிறது என்று நம்பினார்கள். அப்படியென்றால் சின்ன டோஸே போதுமே? பெரிய டோஸில் மட்டும் ஏன் கீமோ வாந்தி நிற்கிறது?

பெரிய டோஸில் அது இன்னொரு பூட்டையும் அடைக்கிறது என்று தெரிந்தது. செரோட்டோனினின் ஒரு ஏற்பி. இன்று அதற்கு 5-ஹெச்டி3 என்று பெயர்.

செரோட்டோனின் என்றதும் எல்லாருக்கும் மூளையும் மன அழுத்தமும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் உடம்பின் செரோட்டோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில். கீமோ மருந்து குடல் சுவரைத் தாக்கியதும் அங்குள்ள செல்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பின் மணியை அடிக்கிறது. மணிச்சத்தம் மூளைத்தண்டுக்குப் போகிறது. வாந்தி.

அப்போ, மணியை அடைக்கிற தனி மருந்து இருந்தால்?

15/
சோதிக்க எலி உதவாது. எலிக்கு வாந்தி எடுக்கவே தெரியாது! அதனால் ஃபெரட் என்ற, நம்ம கீரி மாதிரி இருக்கிற பிராணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது நன்றாக வாந்தி எடுக்கும்.

பிரிட்டனில் மைனர், சேங்கர் என்ற இருவர் ஃபெரட்டுகளுக்கு சிஸ்பிளாட்டின் கொடுத்து, கூடவே 5-ஹெச்டி3 ஏற்பியை மட்டும் அடைக்கும் ஒரு பொருளையும் கொடுத்தார்கள். வாந்தி அடங்கியது.

அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1986.

இதைச் சொன்னபோது அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க. "எங்கம்மா பக்கெட் வச்சிருந்த அதே வருஷமா?"

ஆமாக்கா. அதே வருஷம்.

16/
கிளாக்ஸோ நிறுவனம் உருவாக்கிய ஒண்டான்செட்ரான் 1991 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. குழந்தைக்கு வாந்தி என்றால் சிரப்பாக எழுதுகிறோமே, அதேதான். அது பிறந்தது கீமோ வார்டுக்காக.

கழுத்து இழுப்பு இல்லை. மயக்கம் இல்லை. தலைவலியும் மலச்சிக்கலும் வரும், அதைச் சமாளிக்கலாம். 1980களின் தொடக்கத்திலிருந்தே பயன்பட்டுவந்த டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டோடு சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்தது.

1990களில் அதே அட்டை ஆய்வைத் திரும்பச் செய்தபோது வாந்தி முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. ஆனால் குமட்டல் மேலேயே நின்றது.

17/
ஏன்னா, அன்றைய வாந்தி நின்றாலும் மறுநாள், மூன்றாம் நாள் வருகிற வாந்திக்கு ஒண்டான்செட்ரான் அவ்வளவாகக் கேட்கவில்லை. அது வேறு மணி.

1931லேயே ஆய்லர், கேடம் என்ற இருவர் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரித்தெடுத்து 'சப்ஸ்டன்ஸ் பி' என்று பெயர் வைத்த பொருள்தான் இதில் முக்கிய ஆள். அதன் ஏற்பியை அடைக்கும் அப்ரெபிடன்ட் 2003ல் வந்தது.

பிறகு ஓலன்சபின். மனச்சிதைவு நோய்க்காக வந்த மலிவான பழைய மாத்திரை. 2016ல் நவாரி குழுவினரின் ஆய்வில், மற்ற மூன்று மருந்தோடு இதையும் சேர்த்தபோது, 5 நாளும் குமட்டலே இல்லாமல் இருந்தவர்கள் 22 சதவீதத்திலிருந்து 37 சதவீதமானார்கள். தொல்லை, பகலிலும் தூக்கம் அசத்தும்.

அதற்கும் விடை நம்ம நாட்டிலிருந்தே வந்தது. 10 மி.கி. வேண்டாம், 2.5 மி.கி.யே ஈடுகொடுக்கும், தூக்கமும் குறைவு என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2024ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

உங்கள் சீட்டில் ஓலன்சபின் இருந்தால், கூகுளில் பார்த்துவிட்டு "எனக்கு எதுக்கு மனநோய் மாத்திரை?" என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அது வாந்திக்காக எழுதியது.

18/
வாந்தி படுத்தும். ஆனால் கீமோவில் உயிரைப் பறிக்கக்கூடிய பக்கவிளைவு வேறொன்று: வெள்ளை அணு குறைந்த நேரத்தில் வரும் காய்ச்சல்.

மெல்பர்னில் டொனால்ட் மெட்கால்ஃப் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து, மஜ்ஜையை வெள்ளை அணு தயாரிக்கத் தூண்டும் இயற்கைப் பொருட்களைக் கண்டறிந்தார்கள். அதன் பலனாக ஃபில்கிராஸ்டிம் ஊசி 1991ல் வந்தது. தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே, அந்த ஊசி. போட்ட பிறகு இடுப்பு எலும்பு வலிக்கும். மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் ஒரு விதியை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்: கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அது ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

19/
முடி. "போனா போகட்டும், உயிர் முக்கியம்" என்று சொல்வது சுலபம். சொல்கிறவர் தலையில் முடி இருக்கும்.

முதல் ஊசி போட்டு 2, 3 வாரத்தில் கொத்தாக வரத் தொடங்கும். தலையைக் குளிர வைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து, வேருக்குப் போகும் மருந்தும் குறையும் என்று 1970களிலேயே ஐஸ் கட்டிக் கட்டிப் பார்த்தார்கள். இன்று அதற்குக் குளிர்த்தொப்பி இயந்திரமே உண்டு. 2015ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கென ஒன்று அனுமதி பெற்றது. 2017ல் வந்த ஆய்வுகளில் சுமார் பாதிப் பேருக்கு முடியில் பெரும்பகுதி தங்கியது. சிவப்பு மருந்துக்குப் பலன் குறைவு. நம்ம ஊரில் எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை.

இன்னொன்று: முடி திரும்ப வளரும். கடைசி ஊசிக்குப் பிறகு சில மாதத்தில். சிலருக்குச் சுருள் சுருளாக.

20/
வரலாறு தீர்த்துவைக்காததையும் சொல்லிவிடுகிறேன்.

பசிபிக் யூ என்ற மரப்பட்டையிலிருந்து வந்த பேக்லிடேக்ஸல் 1994ல் மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. அருமையான மருந்து. ஆனால் விரல் நுனி, பாதம் மரத்துப்போகும். ஊக்கு மாட்ட முடியாது, செருப்பு கழன்றதே தெரியாது. பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறையும், சிலருக்குத் தங்கிவிடும். இதைத் தடுக்க உறுதியான மருந்து இன்னும் இல்லை. வலிக்கு டுலாக்செடின் ஓரளவு உதவும். மரத்தல் ஆரம்பித்தவுடனே சொன்னால் டோஸை மாற்றலாம். சர்க்கரை நோயாளிகள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

அசதியும் அப்படித்தான். தூங்கினாலும் போகாத அசதி. அதற்கு இன்றுவரை நல்ல ஆதாரம் உள்ள வைத்தியம், ஆச்சரியமா இருக்கும், நடைப்பயிற்சி. படுத்தே இருந்தால் கூடும்.

21/
சரி, இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடாதீர்கள். மணி அடிக்கும் முன்பே அடைக்க வேண்டும். 'இன்னிக்கு நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மாத்திரையை விடாதீர்கள். அந்த நாட்களுக்காகவே எழுதியது அது.

முதல் சுற்றிலேயே வாந்தியைக் கட்டுப்படுத்தினால் உடம்பு அதைக் கற்றுக்கொள்ளாது. முதல் சுற்று மிக முக்கியம்.

எத்தனை தடவை வாந்தி, எந்த நாளில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்றால் எங்களுக்குப் புரியாது. "மூணாம் நாள் அஞ்சு தடவை" என்றால் மருந்தை மாற்றுவோம்.

22/
வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம், கஞ்சி என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. தயிர் வீட்டில் காய்ச்சிய பாலில் அன்றன்று உறை ஊற்றியதாக இருக்கட்டும். தாளிக்கும் வாசனை ஆகாது என்றால் ஆறிய சாப்பாடு சுலபமாக இறங்கும்.

வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளியுங்கள். மென்மையான பிரஷ்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு, வாந்திக்குத் தரும் ஸ்டீராய்டால் அந்த 3, 4 நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே மருந்தைச் சரிசெய்து கொள்ளலாம்.

யாரோ சொன்ன சூரணம், பவுடர், சத்து மாத்திரை எதையும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலேட்டை மறித்துத்தான் என்று மேலே பார்த்தோமே. சத்து மாத்திரைகூட சில நேரம் எதிரணியில் ஆடும்.

முக்கியமா, சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். தாங்கவில்லை என்றால் வந்து சொல்லுங்கள். மாற்ற வழி இருக்கிறது.

23/
அந்த அக்கா என்ன ஆனாங்க?

இரண்டு நாள் யோசிச்சாங்க. "ஒரு ஊசி போட்டுப் பாக்குறேன். அம்மா மாதிரி ஆச்சுன்னா நிறுத்திடுவேன்" என்றார். புற்றுநோய் மருத்துவரிடம் பேசினேன். நாலு வகை வாந்தி மருந்தும் முதல் ஊசியிலேயே. ஸ்டீராய்டுக்காக அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலினை நான் மாற்றிக் கொடுத்தேன்.

முதல் ஊசிக்கு மறுநாள் போன் பண்ணினேன். "என்னக்கா, எத்தனை தடவை?"

"ஒரு தடவைகூட இல்ல டாக்டர். பக்கெட் வாங்கி கட்டிலுக்குப் பக்கத்துல வச்சேன். அப்படியே இருக்கு."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அழுகிறார் என்று புரிந்தது. சந்தோஷத்தில் இல்லை. அம்மாவை நினைத்து.

24/
எல்லாம் சுகமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். முடி போச்சு. மூன்றாவது சுற்றில் காய்ச்சல் வந்து நாலு நாள் அட்மிஷன். பேக்லிடேக்ஸலில் விரல் மரத்து, இன்னும் இடது கையில் பூத்தொடுக்க வரவில்லை என்கிறார். ஆனால் ஒரு சுற்றையும் விடவில்லை. எல்லா ஊசியையும் முடித்தார்.

இப்போதும் மாசம் ஒருமுறை சர்க்கரைக்கு வருகிறார். அந்தப் பக்கெட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாராம்.

25/
கீமோவின் வரலாறு என்றால் புற்றைக் கொல்லும் மருந்துகளைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்த மருந்தை மனிதர்கள் தாங்கும்படி ஆக்கியவர்களுக்கும், ஒன்றுமே இல்லாத காலத்தில் பக்கெட்டோடு உட்கார்ந்து அதைத் தாங்கிப் பார்த்த பெண்களுக்கும் அதில் சரிபாதி உண்டு.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது "கீமோ மட்டும் வேணாம்" என்று சொன்னால், முதலில் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கண் முன்னால் ஒரு பழைய பக்கெட் இருக்கும். அதைப் பற்றிப் பேசிவிட்டு, அவர்களைக் கையோடு புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இது பொதுவான தகவல். உங்கள் மருந்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டே மாற்றுங்கள். தேவைப்படும் ஒருவருக்காவது இந்த இழையைச் சேர்த்துவிடுங்கள்.